நனைஞ்சாச்சு... முக்காடு எதுக்கு?



ஹாஸ்டல்ல எந்த ரூமுக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. இன்டர்னல் டைம்டேபிளுக்குப் பக்கத்துல, ஓரம் கிழிஞ்ச டயட் சார்ட் ஒண்ணு தொங்கிட்டு இருக்கும். 'காலை 6.30: வெந்நீர். 8.00: ஓட்ஸ் கஞ்சி. 11.00: ஊறவைத்த பாதாம் 6.' அட, கெட்டில் வெச்சிருந்தாலே வார்டன் தூக்கிட்டுப் போற இடத்துல, ஓட்ஸை எதுல பாஸ் கொதிக்க வைக்கிறது?

மூணாவது நாளே நம்மாளு பொங்கல் வடை க்யூவுல நிப்பான். 'உனக்கு வில் பவரே இல்லடா மச்சி'னு உடனே ஒரு தீர்ப்பு! எனக்கு இந்த டயலாக்கைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். அடுப்படி இருக்கிற வீட்டுக்கு எழுதின சார்ட்டை மெஸ் தட்டுல தேடினா எப்படிக் கிடைக்கும்?

என் பக்கத்து பெட் பையன் விஷயத்துல இது சிக்ஸ் பேக் மேட்டர் இல்லை. காலேஜ் மெடிக்கல் கேம்ப்ல வெறும் வயித்துல எடுத்த சுகர் 112. வயசு 20. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சுகர் உண்டு. 'இன்னும் சர்க்கரை நோய் வரலை, ஆனா வாசல்ல நிக்குது'ன்னுட்டார் டாக்டர். அவன் மட்டும் இல்லீங்க... ஐ.சி.எம்.ஆரின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானப்போ, இந்தியாவுல சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, அவனை மாதிரி வாசல்ல நிக்கிறவங்க 13.6 கோடின்னு கணக்கு சொன்னாங்க.

வாசல்லயே திருப்பி அனுப்ப முடியுமா? முடியும்னு காட்டினது நம்ம சென்னை டாக்டர்கள்தான். டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, இதே நிலைமையில இருந்த 537 ஆண்களை எடுத்துக்கிட்டாங்க. எல்லோருக்கும் முதல்ல சாப்பாடு, உடற்பயிற்சி பத்தி ஒரே அட்வைஸ். அதுல ஒரு பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலா செல்போன்ல எஸ்.எம்.எஸ். அவ்வளவுதான்! ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, எஸ்.எம்.எஸ். வராத க்ரூப்புல 27 சதவிகிதம் பேருக்கு சர்க்கரை நோய். வந்த க்ரூப்புல 18 சதவிகிதம்தான். 2013-ல் 'லான்செட்' குடும்பத்து மருத்துவ இதழ்ல வந்த ரிசல்ட் இது. அட்வைஸ் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். வித்தியாசம், அப்பப்ப ஞாபகப்படுத்த ஒரு ஆள் இருந்தது.

ஹாஸ்டல்ல அந்த ஆள் யாரு? நீங்கதான்!

ஆனா முதல் வேலை ஞாபகப்படுத்துறது இல்லை, சார்ட்டை மாத்துறது. எங்க ஆளு அடுத்த விசிட்டுக்கு மெஸ் மெனுவையே போட்டோ எடுத்துட்டுப் போனான். டயட்டீஷியன் மேடம் சிரிச்சுட்டே ஓட்ஸ், பாதாம் எல்லாத்தையும் அடிச்சுட்டாங்க. இட்லி மூணு, சாம்பார்ல பருப்பும் காயும் அடியில இருந்து கேட்டு வாங்கு. மதியம் சாதம் ஒரு கரண்டி குறை, பொரியல் ரெண்டு தடவை வாங்கு. சாயங்காலம் பஃப்ஸ் வேண்டாம், சுண்டல். புதன்கிழமை சிக்கன் தாராளமா சாப்பிடு. (இந்த வரியைப் படிச்சப்போ பையன் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு!)

அடுத்தது, முடிவு எடுக்கிற நேரம். பசியோட கேன்டீன் கண்ணாடிக்கு முன்னாடி நின்னு எந்த மகானும் நல்ல முடிவு எடுத்ததில்லை. பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியல் பேராசிரியர் 1990-கள்ல இருந்தே சொல்ற விஷயம் இது. 'ஒழுங்கா சாப்பிடுவேன்'னு சபதம் போடுறதைவிட, 'இது நடந்தா, அதைச் செய்வேன்'னு முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வெச்சா வேலை நடக்கும். 'லேப் முடிஞ்சு கேன்டீன் போனா, முதல்ல சுண்டல் டோக்கன்.' நமக்குப் புரியிற பாஷையில சொன்னா, வெறும் இஃப்... தென்!

இப்ப மெயின் வில்லன். பர்த்டே பார்ட்டியில ஒரு பீஸ் கேக் உள்ள போயிடும். 'இன்னிக்கு டயட் காலி, இனி பிரியாணியே சாப்பிடலாம்'னு மனசு சொல்லும். நனைஞ்சாச்சு, முக்காடு எதுக்குங்கிற கதைதான். ஹெர்மன், மேக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1975-ல் இதை டெஸ்ட் பண்ணியே பார்த்தாங்க. கல்லூரி மாணவிகளுக்கு மில்க் ஷேக் கொடுத்துட்டு, அப்புறம் ஐஸ்க்ரீம் ருசி பார்க்கச் சொன்னாங்க. சாதாரணமா சாப்பிடுறவங்க ஷேக் குடிச்சதும் ஐஸ்க்ரீமைக் குறைச்சுக்கிட்டாங்க. சதா சாப்பாட்டைக் கட்டுப்படுத்துறவங்கதான் ஷேக்குக்கு அப்புறம் இன்னும் அதிகமா வெளுத்துக் கட்டினாங்க!

அதனால கேக் சாப்பிட்டவனைப் பார்த்து 'என்னடா, டயட் அவ்வளவுதானா?'னு கலாய்க்காதீங்க. அந்த ஒரு டயலாக் போதும், பிரியாணிக்குத் தள்ளிவிட. லண்டன்ல 96 பேரை வெச்சு 2009-ல் வெளியான ஆய்வுல, ஒரு பழக்கம் தானா ஓட ஆரம்பிக்க நடுத்தரமா 66 நாள் ஆச்சு. ஆளுக்கு ஆள் 18-ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். நடுவுல ஒரு நாள் விட்டுப் போனது பெரிசா எதையும் கெடுக்கலை. யாரோ கிளப்பிவிட்ட '21 நாள்' கதையை நம்பி, 22-ம் நாள் சார்ட்டைக் கிழிச்சவங்க எத்தனை பேரோ!

ஒரு சீரியஸ் விஷயம். உங்க ஃப்ரெண்ட் பொண்ணோ பையனோ... வேளை வேளையா பட்டினி கிடந்தா, சாப்பிட்டதும் பாத்ரூம் போய் வாந்தி எடுத்தா, அது டயட் இல்லை. அங்கே ஞாபகப்படுத்துற வேலையே வேண்டாம், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மனசு விட்டுப் பேச, அரசோட டெலி மானஸ் இலவச எண் 14416 இருக்கு.

மத்தபடி, என்ன எஸ்.எம்.எஸ். அனுப்புறதுன்னு யோசிக்கிறீங்களா? 'இனிப்பு உடலுக்குக் கேடு'னு அனுப்பினீங்கன்னா ப்ளாக் பண்ணிடுவான். எங்க ரூம்ல ஓடுறது இதுதான்: 'மணி 4.25. சுண்டல் தீரப்போகுது. உனக்கும் சேர்த்து டோக்கன் போட்டாச்சு, ஓடி வா!'