சங்கிலிக்குத் தடை, கையைக் கட்ட யார் அனுமதி?

2001 ஆகஸ்டு 6. விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. திகுதிகுவென்று பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் ஓடித் தப்பியிருக்கலாம். முடியவில்லை. காலில் சங்கிலி!

28 பேர் செத்துப்போனார்கள்.

அந்தச் சங்கிலியைப் போடச் சொன்னது யார்? டாக்டரா? கோர்ட்டா? கலெக்டரா? யாரும் இல்லை. இல்லம் நடத்தியவர் போட்டார், அவ்வளவுதான். குடும்பத்தாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ராத்திரியில் எழுந்து ஓடுகிற மகனை வைத்துக்கொண்டு கூலிக்குப் போகிற தாய் என்னதான் செய்வாள்?

இன்று சட்டம் இருக்கிறது. 2017-ல் வந்த மனநலச் சட்டம் 2018 மே 29 முதல் அமலில் உள்ளது. எந்த வடிவத்திலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது 95-வது பிரிவு. தனி அறையில் அடைப்பதும் கூடாது.

ஆனால் கையைக் காலைக் கட்டுவதற்கு முழுத் தடை இல்லை. 97-வது பிரிவில் அதற்கு ஒரு வழி விட்டிருக்கிறார்கள். உடனடி ஆபத்து இருக்க வேண்டும். அதைத் தடுக்க வேறு வழியே இருக்கக்கூடாது. சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல டாக்டர் அனுமதிக்க வேண்டும். எப்படிக் கட்டினார்கள், ஏன், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் உடனே நோட்டில் ஏற வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் பிரதிநிதிக்குத் தகவல் போக வேண்டும். தண்டனைக்காகக் கட்டக்கூடாது. 'ஆள் பற்றாக்குறை சார்' என்ற சாக்கும் செல்லாது!

மீறினால் முதல் தடவை 6 மாதம் வரை ஜெயில், அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஓட்டை எங்கே?

அனுமதி தருகிறவர் ஒரே ஒரு டாக்டர். அவரும் அந்த ஆஸ்பத்திரிக்காரர்தான். சரிபார்க்க வெளியில் ஒரு வாரியம் இருக்கிறது. ஜில்லா ஜட்ஜ் அந்தஸ்துள்ளவர் தலைவர். கலெக்டரின் பிரதிநிதியும் உண்டு. ஆனால் அதற்கு மாதம் ஒரு முறைதான் கணக்குப் போகிறது. அதற்குள் கட்டு அவிழ்ந்திருக்கும். அல்லது பத்துத் தடவை திரும்பக் கட்டியிருப்பார்கள். நடுராத்திரி 2 மணிக்கு வார்டில் ரகளை என்றால் டாக்டரா பக்கத்தில் நிற்பார்? முதலில் கட்டுவது அட்டெண்டர். டாக்டர் கையெழுத்து காலையில்தான் என்று ஆகிவிட்டால் அதற்குப் பெயர் அனுமதியா?

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. மனவளர்ச்சி குன்றிய நிலையை இந்தச் சட்டம் மனநோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களுக்கான இல்லங்கள் 2016 மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன. அந்தச் சட்டம் கொடுமை கூடாது என்கிறது. கட்ட வேண்டி வந்தால் யார் அனுமதிப்பது, எங்கே எழுதுவது என்ற பேச்சே அதில் இல்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்து ஆசிரமம் ஒன்றில் ஆதரவற்றோரைக் கட்டிவைத்துக் கொடுமை செய்ததாகப் புகார் கிளம்பி, போலீஸ் போன பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது.

தூக்க மருந்து கொடுத்துப் படுக்கப்போடுவது? வெளிக்கதவைப் பூட்டிவைப்பது? 97-வது பிரிவு உடலைக் கட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறது. மருந்தும் ஒருவகைச் சங்கிலிதானே!

ஆஸ்திரேலியாவில் இதை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். தனியே அடைப்பது, மருந்தால் அடக்குவது, கருவி மாட்டுவது, ஆள் பிடித்து அமுக்குவது, கதவு அலமாரிகளைப் பூட்டுவது. ஐந்தும் கணக்கில் வரும். அங்கேயும் சண்டை ஓயவில்லை. அனுமதி கொடுப்பவர் இல்லத்தைச் சேராத வெளி ஆளாக இருக்க வேண்டும், மாநிலத்துக்கு ஒரு தனி அதிகாரி வேண்டும் என்று 2023-ல் ராயல் கமிஷன் அறிக்கை கொடுத்தது.

இங்கே அப்படி ஓர் அதிகாரி வரும்வரை கையில் இருப்பது அந்த 24 மணி நேர விதிதான். தன் பிரதிநிதி யார் என்று நோயாளியே வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுக்கலாம். ஸ்டாம்பு பேப்பர் தேவையில்லை. குறை இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிப் பொறுப்பு அதிகாரியிடம் புகார். பதில் திருப்தியில்லை என்றால் நேரே வாரியத்துக்குப் போகலாம்.