பக்கம் திறக்கவில்லை என்றால் எல்லாம் தடை அல்ல

2019 மே 12 இல் சிலாபத்தில் ஒரு பேஸ்புக் பதிவைக் காரணம் காட்டி முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டன. மறுநாள் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. அதற்கும் முன்னர், 2007 இல், தமிழ்நெற் தடுக்கப்பட்டது. இந்த அனுபவங்களால், ஓர் இணையத்தளம் திறக்காவிட்டால் 'தடை செய்துவிட்டார்கள்' என்பதே நமது முதல் முடிவாகிவிட்டது. எச்சரிக்கை எதுவானாலும் தாண்டிப் போகவும் பழகிவிட்டோம். ஆபத்து இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

தடையின்போது பக்கம் பெரும்பாலும் சுழன்றுகொண்டே நின்றுவிடும். 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வேறு. மறுமுனையில் இருப்பது உண்மையில் அந்தத் தளம்தானா என்று உலாவியால் உறுதிசெய்ய முடியவில்லை என்பதே அதன் பொருள்.

காரணம் பலவேளை சாதாரணமானது. மின்கலம் இறந்து தொலைபேசியின் திகதி பின்னோக்கிப் போயிருந்தால், செல்லுபடியாகும் சான்றிதழும் பொய்யாகத் தெரியும். திகதியைத் திருத்தினால் போதும். அடுத்தது பழைய தொலைபேசி. ஏராளமான தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், அன்ட்ரொயிட் 7.1 இற்கு முந்திய தொலைபேசிகளுக்காக வைத்திருந்த மாற்று ஏற்பாடு 2024 செப்டெம்பர் 30 உடன் முடிந்தது. அந்தத் தொலைபேசிகளின் நம்பிக்கைப் பட்டியலில் புதிய மூலச் சான்றிதழ் இல்லை. பயர்பொக்ஸ் தனக்கென ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. அதை நிறுவ முடிந்தால் அதே தொலைபேசியில் அதே தளம் திறக்கும். செய்தித்தளத்தை யாரும் முடக்கவில்லை, தொலைபேசிக்குத்தான் வயதாகிவிட்டது.

ஆனால் எல்லாமே இப்படி அப்பாவித்தனமானவை அல்ல. 2019 இல் கசகஸ்தானில் அரசின் சான்றிதழை நிறுவும்படி மக்களிடம் சொன்னார்கள். நிறுவியவர்களின் மறையாக்கப்பட்ட பரிமாற்றங்களை இடையில் நின்று வாசிக்க அது வழிவிட்டது. கூகிள், மொசில்லா, அப்பிள் மூன்றும் அதே ஆண்டு ஓகஸ்டில் அந்தச் சான்றிதழை நிராகரித்தன.

1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வாழ்வைத் தொடர்ந்த குடும்பங்கள் பல. காணியோ உறவோ இன்னும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்க, ஒரு படிவத்துக்காக அடையாள அட்டை இலக்கத்தை இணையத்தில் பதிவோர் இவர்களுக்குள் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி எழுதி அனுப்புவோருக்கும் இதே நிலைதான். 'தொடர்ந்து செல்' என்பதை அழுத்தச் சொல்லும் கடைத் தம்பிக்கு இது ஒரு விநாடி வேலை. பதிபவருக்கோ அவரது பெயரும் முகவரியும் யாரிடம் போகின்றன என்ற கேள்வி.

கற்பிட்டி விடுதியொன்றின் வைஃபையில் எச்சரிக்கை வந்தால், அதைத் துண்டித்து, தொலைபேசியின் சொந்த டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். எச்சரிக்கை மறைந்தால் சிக்கல் பெரும்பாலும் அந்த வைஃபையில்தான். அங்கே கடவுச்சொல் எதையும் இட வேண்டாம்.