மருந்துக்கு மருந்து பகையாகுமா?

நோய்க்குத்தான் மருந்து பகை. ஒரு மருந்துக்கு மற்றொரு மருந்து பகையாதல் உண்டோ? உண்டு என்பதே விடை.

எச்.ஐ.வி. கிருமி உடலிற் புகுந்தவர்களும் இன்று நாள்தோறும் தவறாது குளிசை உட்கொண்டு நீண்ட காலம் நலமாய் வாழலாம். ஆனால் அம்மருந்து குருதியிலே குறித்த அளவிற் குறையாது நிற்றல் வேண்டும். குறைந்தாற் கிருமி மீண்டும் பெருகும். அம்மருந்துக்கு அடங்காத வன்மையும் பெறும்.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் முதன்மையாக விதந்துரைத்த மருந்து டொலுடெகிராவிர். நெஞ்செரிவுக்கென நாம் கடையிலே கேட்டு வாங்கும் மருந்துகளிலுள்ள அலுமினியமும் மகனீசியமும் இதனைக் குடலிலேயே பற்றிக்கொள்ளும், குருதியிற் சேரவிடா. ஆதலின், அவற்றை உண்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னரோ, உண்டு ஆறு மணி நேரம் சென்ற பின்னரோ டொலுடெகிராவிரை உட்கொள்ளுதல் வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் ஆகிய குளிசைகளும் வெறும் வயிற்றில் இவ்வாறே தடை செய்யும். உணவோடாயின் ஒருங்கே உண்ணலாம்.

கசநோய்க்குக் கொடுக்கும் றிபாம்பிசின் வேறு வழியிற் பகைக்கும். அஃது ஈரலைத் தூண்டி, டொலுடெகிராவிரை விரைவிற் சிதைக்கச் செய்யும். அதனால் நாளுக்கு ஒரு வேளை உண்ணும் 50 மில்லிகிராமை வைத்தியர் இரு வேளையாக்குவர். சலரோகத்துக்கு உண்ணும் மெற்போமினோ, டொலுடெகிராவிரோடு சேருங்கால் குருதியில் மிகும். அதன் அளவைக் குறைக்க நேரிடலாம்.

‘மூலிகைதானே, தீங்கு செய்யாது’ என்பாரும் உளர். மனச்சோர்வுக்கு மேனாட்டார் உண்ணும் சென் ஜோன்ஸ் வோட் என்னும் மூலிகை, அந்நாளில் வழங்கிய எச்.ஐ.வி. மருந்தாகிய இண்டினாவிரின் அளவைப் பாதிக்கு மேல் குறைத்ததென 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று.

இப்பகைகளுக்கெல்லாம் வைத்தியரிடம் பரிகாரம் உண்டு. ஆனால் அவர் அறியாத மருந்துக்கு அவர் யாது செய்வார்? எச்.ஐ.வி. மருந்து உண்பதைப் பிற வைத்தியரிடம் சொல்ல நாணி மறைப்பவர் பலர். உண்ணும் மருந்துகள் அனைத்தையும், கசாயமும் சத்துக் குளிசையும் உட்பட, ஒரு தாளில் எழுதிச் செல்லுமிடமெங்கும் காட்டுக. எதனையும் தாமாக நிறுத்துதலும் கூடாது.

நாணி மறைப்பது நோயாளியின் குற்றம் மட்டுமன்று; ஏளனமாய் நோக்கும் சுற்றத்தின் குற்றமுமாகும். அந்நோக்கை மாற்றுதல் நம் கடமை.