வீட்டுக்குத் தூரம், ஊருக்குத் தூரம்



மாதவிடாய்க்கு நம் பக்கத்தில் 'வீட்டுக்குத் தூரம்' என்று பேர். சேரி? ஊருக்குத் தூரம். இரண்டு தூரத்தையும் அளந்து வைத்தது ஒரே தீட்டுதான். ஆனால் ஊர்த் தூரத்துக்கு எதிராக மேடை ஏறுகிற தோழர்கள் பலர், வீட்டுத் தூரம் என்றதும் 'அது பொம்பளைங்க சமாச்சாரம்' என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

2020 பிப்ரவரியில் குஜராத்தின் பூஜ் நகரில், ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில், தூரமானவர்கள் யார் என்று பார்க்க 60க்கும் மேற்பட்ட மாணவிகளை உள்ளாடை களையச் சொன்னார்கள். தூரமானவர்கள் சமையலறைக்குள் வரக்கூடாது, மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்பது அங்கே விதி. டிகிரி படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதி! தனிக்குவளை கண்ட நமக்கு இது புதுசா?

உதிரம் மட்டுமல்ல பிரச்சினை. அதற்கு முந்தைய ஓரிரு வாரங்களில் சில பெண்களுக்கு மனசு இருண்டு போகிறது. அழுகை, எரிச்சல், தூக்கமின்மை, சிலருக்குச் 'செத்துப்போகலாமா' என்கிற நினைப்பு. உதிரம் கண்ட சில நாளில் விலகிவிடுகிறது. இதன் கடுமையான வடிவத்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் மனச்சோர்வு நோய்களின் வரிசையில் சேர்த்தது. மருந்தும் உண்டு. இதைப் பைத்தியம் என்பதும், திமிர் என்பதும் அறியாமை.

அடுத்தது இரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. விடுதியில் தண்ணிச் சாம்பார், மாசாமாசம் உதிரப்போக்கு. வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து, 'கோட்டாவுல வந்தா இப்படித்தான்' என்கிறார் பேராசிரியர். இரும்புச்சத்துக் குறைவைச் சாதிக்குணமாக மாற்றுகிற வித்தை இது!

நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். 'உதவித்தொகை ஏறிடுச்சாக்கா?' என்று கேட்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். மெஸ் பாக்கி, நோட்டு, பஸ், நாப்கின் எல்லாம் அந்தப் பணத்தில்தான். 2018இல் நாப்கினுக்கு ஜிஎஸ்டி வரியை நீக்கினார்கள். வரி போச்சு, வாங்கக் காசு வரணுமே?

இரண்டு பொய்களிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 'எல்லாம் ஹார்மோன்' என்று நிர்வாகம் தப்பிக்க விடக்கூடாது. ஆய்வுக்கூடத்தில் சாதி சொல்லி அவமானப்படுத்தினால் வருகிற துக்கம் மாதத்தில் பத்து நாளோடு நின்றுவிடாது. 'எல்லாம் சாதி' என்று சொல்லி, மருந்துள்ள நோயை நாம் மறைக்கவும் கூடாது.

எப்படிப் பிரித்தறிவது? இரண்டு மாதம், தினமும், ஒரு நோட்டில் தேதி போட்டு மனநிலையைக் குறித்து வாருங்கள். தூரத்துக்கு முன்னால் வந்து, பின்னால் போய்விட்டால் ஒன்று. மாதம் முழுக்க விலகாமல் கிடந்தால் வேறொன்று. இரண்டும் சேர்ந்தும் வரலாம். அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். நினைப்பு சாவின் பக்கம் போனால் நோட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவை 2022 முதல் இருக்கிறது.

2023 ஜனவரியில் கேரள அரசு, தன் பல்கலைக்கழக மாணவிகளுக்கு 75 விழுக்காடு வருகை என்பதை 73 ஆகத் தளர்த்தியது. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கேட்டு வாங்கியதில் தொடங்கியது அது. நாமும் கேட்போம்: வருகைத் தளர்வு, தண்ணீர் வருகிற கழிப்பறை, மூடியுள்ள குப்பைத்தொட்டி, விடுதியில் இலவச நாப்கின், இரத்தப் பரிசோதனை, ஒரு பெண் மனநல ஆலோசகர். அடுத்த துண்டறிக்கையில் இவை முதல் பக்கத்திலேயே வரட்டும். அச்சுக் கோர்க்கிற ஆண் தோழர்கள் கூச்சப்பட வேண்டாம்.

ஊருக்குத் தூரத்தை உடைக்கப் புறப்பட்ட இயக்கம், வீட்டுக்குத் தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டு எங்கே போய்ச் சேரும்?