அரை வட்டி அரசாங்கம்

காமர்ஸ் படிக்கிறவன் என்றால் வீட்டில் எல்லோருக்கும் அவன் பாதி ஆடிட்டர். 2024 ஜூலையில், நான் பி.காம். ரெண்டாம் வருஷம் படிக்கும்போது, எங்க அப்பாயி ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். "பேங்க்ல ஏதோ புடிச்சுட்டாங்களாம் சாமி, என்னன்னு பாரு." திமிராகத்தான் வாங்கினேன். அந்தப் பை என்னிடமே பதினாறு மாதம் இருந்தது. :-)

மேட்டர் இதுதான். அப்பாயிக்கு 74 வயது. கெங்கவல்லி பக்கம் மரவள்ளிக் காட்டில் ஒரு துண்டை விற்ற பணம் 9 லட்சம், ஒரு வங்கியில் டெபாசிட்டாக இருக்கிறது. ஏழரை சதவீத வட்டி, வருஷத்துக்கு 67,500 ரூபாய். மிச்சக் காட்டில் வரும் கிழங்குப் பணம் விவசாய வருமானம், அதற்கு வரி இல்லை. 2023-24இல் மூத்த குடிமக்களுக்கு 3 லட்சம் வரை வரியே கிடையாது. ஆக அப்பாயி கட்டவேண்டிய வரி பூஜ்யம். அதற்கான 15எச் படிவத்தையும் பான் கார்டு ஜெராக்ஸையும் அப்பா கொடுத்திருந்தார்.

டெபாசிட்டைப் புதுப்பிக்கும்போது வங்கியில் யாரோ புதுக் கணக்கு எண் போட்டு, பானை ஏற்ற மறந்துவிட்டார்கள். பான் இல்லையென்றால் 10 இல்லை, 20 சதவீதம் பிடிக்கவேண்டும் என்பது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 206ஏஏ பிரிவு. பான் இல்லாவிட்டால் 15எச்சும் செல்லாது. 2023-24இல் மொத்தம் 13,500 ரூபாய் போச்சு.

சரி, தப்பு நடந்துவிட்டது, கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். பிடித்த வரி யாருடையது என்று வங்கி தன் காலாண்டு அறிக்கையில் எழுதவேண்டும். பான் இருந்தால்தான் அது 26ஏஎஸ் என்ற வரவுப் பட்டியலில் நம் பெயரில் ஏறும். அப்பாயியின் பணம் யார் பெயரிலும் ஏறவில்லை. ரிட்டர்னை ஜூலை 31க்குள் போட்டும், பட்டியலில் இல்லாத வரியைக் கேட்டதால் ரீஃபண்ட் பூஜ்யம் என்று பதில் வந்தது. திருத்தம் போடும் அதிகாரம் வங்கிக்கு மட்டும்தான். பணத்தைப் பறிகொடுத்தவருக்கு ஒரு பட்டன்கூடக் கிடையாது. வங்கியிலோ, "வருஷக் கணக்கு முடிஞ்சிருச்சுங்க, டிபார்ட்மெண்ட்ல கேட்டுக்கங்க" என்றார்கள். (திருத்த அறிக்கை போடலாம் என்று அவர்களுக்கே நான்தான் பிரிண்ட் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டவேண்டியிருந்தது. கடைசியில் போட்டார்கள்.)

இத்தனைக்கும் அதே சட்டத்தின் 205ஆம் பிரிவு, வரி பிடிக்கப்பட்டுவிட்டால் அந்த அளவுக்கு அந்த நபரிடம் மறுபடி கேட்கக்கூடாது என்கிறது. பிடித்தவர் செய்த பிழைக்காக வரிதாரர் அலையக்கூடாது என்ற பிரச்சனையை டெல்லி உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து, 2013 மார்ச்சில் துறைக்கு விரிவாக உத்தரவிட்டது. ஆனாலும் நடைமுறையில் வரவை முடிவுசெய்வது வங்கி எழுதிய வரிதான். பாஸ்புக்கில் பிடித்தம் கண்ணுக்குத் தெரிந்தாலும் அதற்கு மதிப்பில்லை.

இப்போ வட்டிக்கு வருவோம், எனக்கு வயிறு எரிகிற இடம் இதுதான். நம்ம ஊரில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி. நாம் வரியைத் தாமதமாகக் கட்டினால் அரசாங்கம் வாங்குவது ஒரு வட்டி. பிடித்த வரியைக் கட்டாமல் வைத்திருக்கும் கம்பெனியிடம் ஒன்றரை வட்டி. நம் பணத்தை அது வைத்திருந்து திருப்பித் தரும்போது? அரை வட்டி! 13,500க்கு மாதம் 67 ரூபாய் 50 காசு. ஆத்தூருக்குப் பஸ் ஏறி, ஜெராக்ஸ் எடுத்து, ஒரு டீ குடித்தால் ரெண்டு நடையில் தீர்ந்துவிடும். அந்த அரை வட்டியும் 'இதர வருமானம்' என்று வரிக்கு உட்பட்டது என்பது தனிக் காமெடி.

"போலி ரீஃபண்ட் கேட்டு ஏமாற்றுகிறார்களே, சரிபார்க்க வேண்டாமா?" என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். தாராளமாகச் சரிபார்க்கட்டும். பணத்தைப் பிடித்ததும் கட்டியதும் வங்கி, வாங்கியது அரசாங்கம். ரெண்டு பேரிடமும் கணக்கு இருக்கிறது. நடுவில் 74 வயது அப்பாயி எதற்கு ஓடவேண்டும்? தப்பான விவரத்தோடு அறிக்கை போட்டால் 10,000 முதல் 1 லட்சம் வரை அபராதம் விதிக்க 271எச் பிரிவில் இடமிருந்தது. அபராதம் போட்டாலும் அது போய்ச்சேருவது கஜானாவுக்கு, அப்பாயிக்கு ஒரு நயா பைசா இல்லை.

பிரிட்டனில் சம்பளக்காரருக்குத் தப்பான வரிக் குறியீடு போட்டு அதிகம் பிடித்துவிட்டால், அவரே வரித்துறைக்குச் சொல்லலாம். துறை குறியீட்டை மாற்றி முதலாளிக்கு அனுப்புகிறது. அங்கேயும் தாமத வட்டியும் திருப்பித்தரும் வட்டியும் சமமில்லைதான், சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவருக்குப் பேச ஒரு வாய் இருக்கிறது.

இங்கே வாயை அடைக்கத்தான் வழி தேடினார்கள். 2025 பிப்ரவரியில் வந்த புதிய வருமான வரி மசோதாவில், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போடாவிட்டால் ரீஃபண்டே கேட்கமுடியாது என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. தேர்வுக் குழு எதிர்த்தது, ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. அந்த வரியை எழுதியவர் எங்க அப்பாயி மாதிரி ஆட்களை ஒரு நிமிஷமாவது நினைத்துப்பார்த்திருப்பாரா?

அப்புறம் இந்த இனிஷியல் கூத்து. பான் விண்ணப்பத்தில் இனிஷியல் கூடாது, அதனால் அப்பா பெயரோ புருஷன் பெயரோ நீளமாக ஒட்டிக்கொள்ளும். ஆதாரில் வெறும் இனிஷியல். ரெண்டும் பொருந்தாமல் இணைப்பு நின்றுபோனவர்கள் எங்க தெருவிலேயே இருக்கிறார்கள். 2023 ஜூலை 1 முதல் இணைக்காத பான் செயலிழந்தது. அது உயிர்பெறும்வரை ரீஃபண்டும் இல்லை, அந்தக் காலத்துக்கு அரை வட்டிகூட இல்லை. இணைக்க ஆயிரம் ரூபாய் கட்டணம் வேறு.

பணம் 2025 நவம்பரில் வந்தது. 20 மாத வட்டி 1,350 சேர்த்து 14,850. அதே தொகையை அப்பாயி அரசாங்கத்துக்குப் பாக்கி வைத்திருந்தால் வட்டி 2,700 ஆகியிருக்கும். கணக்கைச் சொன்னேன். "அரை வட்டிக்கு எவன் சாமி காசு குடுப்பான்?" என்று கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

உங்க வீட்டு அப்பாயி, அம்மாயி பேரில் டெபாசிட் இருந்தால், நிதியாண்டின் கடைசிக் காலாண்டு அறிக்கைக்கு வங்கியின் கெடு மே 31. ஜூன் கடைசியில் வரவுப் பட்டியலைத் திறந்து பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள். இடித்தால் ரிட்டர்ன் போடும் முன்னாலேயே வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். நான் முதல் தடவை வாயால் சொல்லிவிட்டு வந்துதான் நாலு மாதம் வீணானது.