குற்றவாளி ஃபிளாஷ் அல்ல, விரல்

பிக்மி கடற்குதிரையின் நீளம் இரண்டு சென்டிமீட்டர்தான். உடலெங்கும் உள்ள முண்டுகளும் நிறமும் அது பற்றியிருக்கும் விசிறிப் பவளத்தை அப்படியே ஒத்திருக்கும். 1969இல் நியூ கலிடோனியாவில் ஆய்வுக்காக எடுத்த பவளத்தில் ஒட்டியிருந்ததால்தான் அறிவியலின் கண்ணிலேயே பட்டது. இன்று இதைப் படமெடுக்கவே பலர் இந்தோனேசியாவின் ராஜா அம்பாட்டில் படகிலேயே நாள்கணக்கில் தங்கி முக்குளிக்கிறார்கள். கேமரா ஃபிளாஷ் இதைக் குருடாக்கிவிடும் என்ற கவலை பழையது. ஆனால் கடற்குதிரைகள் உள்ளிட்ட கடலடி மீன்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், ஃபிளாஷால் கண்ணுக்குச் சேதம் தெரியவில்லை. தொட்டு நகர்த்தியபோதுதான் அவை கடுமையாகக் கலங்கின. ஆகவே தடை செய்ய வேண்டியது விளக்கை அல்ல, படத்துக்கு வாகாக உயிரினத்தை முக்குளிப்பு வழிகாட்டிகள் குச்சியால் திருப்பி வைக்கும் வழக்கத்தை.

வழிகாட்டிகளின் பிழைப்பே வாடிக்கையாளர் தரும் டிப்ஸில்தானே ஓடுகிறது என்பார்கள். உண்மைதான். அதனால்தான் இதை அவர்கள் மனசாட்சிக்கு விடாமல் படகு முதலாளியின் விதியாக்க வேண்டும். 'கம்பெனி விடாது' என்றால் விருந்தாளியும் மனத்தாங்கல் கொள்ளமாட்டார். கடலடியில் யார் கண்காணிப்பது என்ற கேள்விக்கு, தினம் ஆள் மாறும் பகல்நேரப் படகுகளில் பதில் கடினம். தங்கும் படகில் அதே விருந்தாளிகள், அதே வழிகாட்டி, இரவில் எல்லோருக்கும் திரையிடப்படும் அன்றைய படங்கள். திருப்பி வைக்கப்பட்ட கடற்குதிரையை அனுபவசாலிகள் அங்கேயே கண்டுகொள்வார்கள்.