ஐம்பது ஹெர்ட்ஸ் யாருடைய குரல்?

டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள்களைப் பற்றிச் சென்ற இதழில் நம் செஞ்சிக்காரர் ஒருவர் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை, இதை நம்பி யாராவது நல்ல டெக் ஒன்றைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்களே என்று பயம் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

அவர் வாதம் இதுதான்: டைரக்ட் டிரைவில் காந்த மோட்டார் ஊசிக்கு நேர் கீழே இருக்கிறது, அந்தக் காந்தம் கார்ட்ரிட்ஜில் புகுந்து ஹம் எழுப்புகிறது, அந்தக் காலத்து மைக் செட்டில் பெல்ட் இருந்ததால் ஹம் இல்லை, செஞ்சியில் மலைப்பாறையின் காந்தமும் சேர்ந்துகொள்கிறது, ஆகவே பெல்ட்டுக்கு மாறுங்கள், முடியாவிட்டால் தட்டுக்கடியில் அலுமினிய ஃபாயில் ஒட்டுங்கள். ஐந்தும் தவறு என்று சொல்ல ஆசைதான். முதலாவதில் பாதி சரி என்பதால் நாலரை என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் தட்டுக்கடியில் இருப்பது உண்மை. ஆனால் அது நடு அச்சில் இருக்கிறது. ஊசி அதன் பக்கம் வருவது கடைசிப் பாட்டில்தான்.

ஹம்முக்கு ஒரு சுருதி உண்டு. அதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தாலே அவருடைய கட்டுரை பிறந்திருக்காது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. நொடிக்குச் சுமார் 0.56. தட்டோடு சுழலும் காந்த வளையத்தில் எட்டு வட-தென் இணைகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது கார்ட்ரிட்ஜை எட்டினாலும் நொடிக்கு நாலரை முறைதான் மாறும். மூன்று மடங்கு இணைகள் போட்டாலும் மனிதக் காது கேட்கத் தொடங்கும் இருபதைத் தொடாது. அவருடைய டெக்கில் முனகுவதோ 50 ஹெர்ட்ஸ். அது மோட்டாரின் குரல் அல்ல, சுவர் பிளக்கில் வரும் கரண்டின் குரல். டெக்குக்குள் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்ஃபார்மரோ, சரியாக அடிக்காத எர்த்தோ அதைக் கொண்டுவருகிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

இன்னொன்று. ரிக்கார்டை வெட்டும்போது பேஸைக் குறைத்து வெட்டுகிறார்கள்; போனோ ஆம்ப் அதைத் திரும்ப உயர்த்துகிறது. ஆயிரம் ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸை அது 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு, அதிகமாகத் தூக்குகிறது. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவதே ஐந்து மில்லிவோல்ட் அளவுதான். மூவிங் காயில் என்றால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இவ்வளவு மெல்லிய சமிக்ஞையில் துளி மின்சாரக் கசிவு விழுந்தாலும் ஸ்பீக்கரில் முழங்கத்தான் செய்யும். கட்டுரையில் போனோ ஆம்ப் என்ற சொல்லே இல்லை.

மைக் செட்டுக்கு வருவோம். கேரார்டு, பி.எஸ்.ஆர். பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே தட்டைத் தேய்த்துச் சுற்றியது ரப்பர் சக்கரம், பெல்ட் அல்ல. ஹம் ஏறாததற்குக் காரணம் வேறு. அவற்றில் இருந்தவை கிரிஸ்டல், செராமிக் கார்ட்ரிட்ஜ்கள். அவற்றில் சுருளே கிடையாது. சுருள் இல்லாத இடத்தில் காந்தம் எதைத் தூண்டும்? பெல்ட்டுக்குச் சூட்டிய மாலையை அவர் கழற்றிக்கொள்ளலாம். பெல்ட் டெக்குகள் பலவற்றில் இருக்கும் ஏ.சி. மோட்டார்தான் நேராக 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. க்ராடோ கார்ட்ரிட்ஜ் மாட்டிய சில பெல்ட் டெக்குகளில் ஊசி உள்ளே போகப் போக ஹம் கூடுவது உலகமறிந்த தொல்லை.

செஞ்சி மலையின் ராஜகிரிப் பாறை பாவம், அதையும் கூண்டில் ஏற்றிவிட்டார். நம் ஊரில் நிலக்காந்தம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அது நொடிக்கு ஐம்பது முறை திசை மாறுவதில்லை. மாறாத காந்தம் அசையாத சுருளில் மின்னழுத்தம் உண்டாக்காது என்பது 1831இல் ஃபாரடே காட்டிய பாடம். முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை நம் கோட்டையை முற்றுகையிட்டு வெளியே கிடந்தான்; ஆனாலும் எந்த மலையைப் பிடிக்க வந்தோம் என்பதில் அவனுக்குக் குழப்பம் இருந்ததில்லை.

நிலைக்காந்தம் செய்யும் உண்மையான கெடுதல் ஒன்று உண்டு. தோரன்ஸ் டிடி 124 டெக்கின் இரும்புத் தட்டு, வலுவான காந்தமுள்ள கார்ட்ரிட்ஜைக் கீழே இழுக்கும். ஊசியின் பாரம் கூடும், ரிக்கார்டு தேயும். காந்தத்துக்கு எதிராக ஒரு கட்டுரையே எழுதியவர் கண்ணில் இது மட்டும் படவில்லை.

ஃபாயில் வைத்தியம்தான் உச்சம். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அலுமினியத்தில் ஓரளவாவது தளர வேண்டுமானால் 12 மில்லிமீட்டர் கனம் வேண்டும். சமையலறை ஃபாயில் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. இட்லி ஆறாமல் இருக்கும், ஹம் அடங்காது. இதற்கென்றே இருப்பது மியூ மெட்டல், ஐந்தில் நாலு பங்கு நிக்கல் கலந்த உலோகம். அதையும் வளைத்து அடித்தால் குணம் கெட்டுவிடும். அதைவிட மலிவான மருந்து தூரம். டிரான்ஸ்ஃபார்மரை வெளியே எடுத்துத் தனிப் பெட்டியில் வைத்தால் போதும். தூரம் இரு மடங்கானால் அதன் புலம் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிவிடும்.

டைரக்ட் டிரைவ் குறையே இல்லாதது என்று நான் சாதிக்கவில்லை. மட்சுஷிடா 1970இல் எஸ்.பி. 10 டைரக்ட் டிரைவ் டெக்கை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே காகிங் என்ற புகார் இருக்கிறது. இரும்பு உள்ளீடு உள்ள மோட்டாரில் காந்தம் துருவத்துக்குத் துருவம் தயங்கும். அது வேகத்தின் சீர்கேடு, ஹம் அல்ல. 2016இல் வந்த எஸ்.எல். 1200ஜியில் அந்த இரும்பையே எடுத்துவிட்டார்கள். காகிங்கைப் பற்றி அவர் எழுதியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன். ஆம்ப் ஓடட்டும், டெக்கில் கரண்ட் இருக்கட்டும், தட்டை மட்டும் நிறுத்துங்கள். ஊசியை உயர்த்தி, டோன் ஆர்மைக் கையால் மெல்லத் தட்டின் மேல் நகர்த்துங்கள். இடத்துக்கு இடம் ஹம் மாறினால் காந்தப்புலம். மாறாவிட்டால் எர்த்தையும் வயரையும் பாருங்கள். பிறகு டெக்கின் பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போது அடங்கினால் டெக்கின் டிரான்ஸ்ஃபார்மர்மேல் சந்தேகப்படலாம். இரண்டு நிமிட வேலை. தட்டு நின்றதுமே ஹம்மும் நின்றது என்று அவர் எழுதட்டும். இந்த எதிர்வினையை அடுத்த இதழிலேயே திரும்பப் பெறுகிறேன்.